ஒரு நூலுக்கு எத்தனை முகம்?

காந்திபுரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள அரசு கலைக் கல்லூரியைக் கோவை வாசகர்கள் அறிவார்கள். 1917க்கும் 1923க்கும் இடையே மங்களூர், கோவை, சென்னை அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இன்று பள்ளி நூலகத்துக்கென வலைப்பதிவு தொடங்கும் ஆசிரியர், தாம் அறியாமலே இந்தக் கணக்கு ஆசிரியரின் வழியில் நடக்கிறார் என்றால் நம்புவீர்களா?

பருத்தி நோய்களைப் பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேளாண்மை அடுக்கில் வைப்பதா, தாவரவியல் அடுக்கிலா? அமெரிக்கரான டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, பொருள்களுக்கு முன்கூட்டியே எண் குறித்து வைத்திருந்தது. பட்டியலில் இல்லாத புதுப்பொருள் வந்தால் திண்டாட்டம்தான். பயிற்சிக்காக இலண்டன் சென்ற ரங்கநாதன், அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே தகடுகள், அதே திருகாணிகள். சேர்க்கும் விதத்தில் பாலமாகிறது, பாரந்தூக்கியாகிறது. நூலின் பொருளையும் இவ்வாறே பிரித்துக் கோக்கலாமே! வேளாண்மை, பருத்தி, நோய் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, இடையில் முக்காற்புள்ளி. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை பிறந்த கதை இதுதான்.

வலைப்பதிவில் நூலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, அடியில் 'பருத்தி', 'பயிர்நோய்', 'ஒன்பதாம் வகுப்பு' என்று குறிச்சொற்கள் இடுகிறோம். எதைத் தொட்டாலும் அதே குறிப்பு வந்து நிற்கிறது. குறிச்சொல் ரங்கநாதனிடமிருந்து நேரே வந்ததன்று. ஆயினும் கருத்து ஒன்றே. அவருடைய எண்கள் கடினமானவை என்று ஒதுக்கிய நூலகங்கள் உண்டு. கணிப்பொறிக்கு அந்தக் கடினம் இல்லை.

நூல்கள் பயன்படுவதற்கே என்பது அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது. நம் பள்ளிகள் பலவும் சறுக்குவது இந்த முதற்படியிலேதான். திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஆனால் அது பொது நூலகங்களுக்கான சட்டம். பள்ளி நூலகமோ பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பாயிற்று. நூல் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. பீரோவுக்குப் பூட்டு விழுந்ததில் வியப்பென்ன?

அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், அவரும் கொங்கு நாட்டவர், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராயிருந்தவர். 1976க்குள் குழந்தைகளுக்கென மேலும் பத்துத் தொகுதிகள்! தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சீதனம் எவர் கொடுத்தார்? அதுவும் பல இடங்களில் அந்தப் பீரோவுக்குள்தான் இருந்தது.

இப்போது இருபது தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆனால், எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று மாணவருக்கு யார் காட்டுவது? பாடத்தின் பெயருக்கு நேரே அந்தப் பக்கத்தின் இணைப்பைத் தருவதுதான் பள்ளி வலைப்பதிவின் வேலை. பழைய நூலாயிற்றே என்று தயங்க வேண்டாம். 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீங்கிய புளூட்டோ அதில் கோளாகத்தான் இருக்கும். இணைப்பின் கீழே அந்தத் திருத்தத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளையே எழுதட்டும். ஆசிரியர் சரிபார்த்து வெளியிட்டால் போதும்.