தீயரணும் அஞ்சல் வழியும்

ஈயத்தின் செல்வத்தால் கிந்தா ஆற்றங்கரையில் விரைந்து வளர்ந்த ஈப்போ நகரின் பாதிக்கு மேற்பட்ட பகுதி 1892ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று. பின்னர் நகரைத் திரும்ப அமைத்தபொழுது தெருக்களை நேர்க்கோடுகளாக, கட்டம் கட்டமாக வகுத்தனர். பழைய நகரின் கடைவீடுகளுக்கு இடையே தடித்த செங்கற் சுவர்கள் நிற்பதை இன்றும் காணலாம். ஒரு வீட்டில் பற்றிய தீ மறுவீட்டிற்குத் தாவாமல் தடுப்பது சுவரின் தொழில். மக்களையும் சரக்கையும் உரிய இடத்தில் சேர்ப்பது தெருவின் தொழில். இரண்டும் செவ்வையாக அமைந்தாலன்றி நகர் வாழாது.

இச்சுவரின் பெயரையே கணினி வல்லுநர் எடுத்தாண்டனர். 'ஃபயர்வால்' என்பதைத் தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் வழங்குகிறோம். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே பெயராக வைத்த சொல் அரண் ஆதலின், பின்னதே நமக்கு இயைபுடையது. ஓர் அலுவலகத்தின் அஞ்சல் வழங்கிக்கு, அதாவது 'மெயில் சர்வ'ருக்கு, இவ்வரண் ஏன் வேண்டியதாயிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கொண்டுசெல்லும் நெறியை ஜான் போஸ்டல் 1982இல் வகுத்தளித்தார். 25ஆம் எண் வாயிலில் யார் வந்து தட்டினும் மடலைப் பெற்று அனுப்பிவிடுவது அந்நாளைய வழக்கம். ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றையொன்று நம்பிய காலம் அது. 1988 நவம்பர் 2ஆம் நாள் அந்நம்பிக்கை குலைந்தது. ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் விடுத்த 'புழு' நிரல், 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரலின் குறையொன்றையும் வழியாகக் கொண்டு பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் தாக்கப்பட்டன என்று அப்பொழுது மதிப்பிட்டனர். வருவனவற்றின் முகவரியையும் வாயில் எண்ணையும் பார்த்து விடுவதும் மறுப்பதும் செய்யும் அரண்கள் அக்காலத்தே தோன்றி, 1990களில் எங்கும் பரவின. மலேசியாவில் மைமோஸ் நிறுவனம் 1987இல் 'ராங்கோம்' என்னும் கணினி வலையைத் தொடங்கிற்று. அடுத்து வந்த 'ஜாரிங்' நாட்டை இணையத்தோடு பிணைத்தது. 1997இல் இடர்களைக் கவனிக்க 'மைசெர்ட்' என்னும் குழுவும் அமைந்தது.

இனி வழியைக் காண்போம். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் தபால் வந்த முறையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும் இருக்கும். அது தோட்டத்து ஆபீசை அடையும். லயத்தில் எந்த வீடு என்பது கிராணிக்குத் தெரியும். வெளியுலகிற்கு அது தெரியவேண்டுவதில்லை. மின்னஞ்சலிலும் இவ்வாறே. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வரும் மடலை எக்கணினி பெறும் என்று உலகிற்கு அறிவிக்கும் 'எம்.எக்ஸ்.' குறிப்பு 1986இல் வகுக்கப்பட்டது. உட்கணினிகளுக்கு 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் உள்முகவரிகளை ஒதுக்கும் முறை 1996இல் நிலைபெற்றது. புறமுகவரிக்கு வரும் மடலை உள்ளிருக்கும் வழங்கிக்குத் திருப்புவது 'ரௌட்டர்' என்னும் வழிச்செலுத்தியின் பணி. அரண் திறந்திருந்தும் வழி பிழைத்தால் மடல் சேராது. வழி நேராயினும் அரண் மூடியிருந்தால் சேராது.

அஞ்சல் வழங்கியை ஊழியர் கணினிகளோடு ஒன்றாக வைத்தல் தகாது. ஈப்போக் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடையை எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கர் அங்கே நிற்கலாம். அதனால் வீட்டிற்குள் புகும் உரிமை வந்துவிடாது. அத்தகைய இடைவெளியில் வழங்கியை நிறுத்தி, வெளியார்க்கு 25ஆம் வாயிலை மட்டும் திறந்து, அங்கிருந்து உள்ளே நுழையும் வழியை அடைத்துவிடல் வேண்டும்.

உள்வருவதை மட்டும் காத்து, வெளிச்செல்வதை மறந்தவர் பலர். 1990களில் யாருடைய மடலையும் எவருக்கும் கடத்திவிடும் வழங்கிகள் பல இருந்தன. விளம்பரக் குப்பையை வீசுவோர் அவற்றைத் தமக்குக் கருவியாக்கிக் கொண்டனர். 1997இல் பால் விக்சி முதலானோர் இத்தகைய குப்பை வரும் முகவரிகளின் தடைப்பட்டியலை வெளியிடலாயினர். குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, கதவைத் திறந்துவைத்த அலுவலகத்தின் நேர்மையான மடல்களும் திருப்பப்பட்டன. ஆகவே, 25ஆம் வாயில் வழியே வெளிச்செல்லும் உரிமை வழங்கி ஒன்றுக்கே இருத்தல் வேண்டும். ஊழியர் தம் மடலைக் கடவுச்சொல்லுடன் 587ஆம் வாயிலில் வழங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வாயில் 1998இல் இதற்கெனவே வகுக்கப்பட்டது. இவ்விதி இருப்பின், ஊழியர் ஒருவரின் கணினியில் நச்சு நிரல் புகுந்தாலும் அது நேரே வெளியுலகிற்கு மடல் வீச இயலாது. காக்கப்படுவது கணினி மட்டுமன்று, அலுவலகத்தின் நற்பெயருமாகும்.

எத்துணைச் சிறந்த அரணாயினும் செயல்திறம் இல்லாதவரிடத்து அது பயனற்றது என்னும் கருத்தோடு அரண் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். எந்த வாயில் யாருக்காக, எதற்காகத் திறக்கப்பட்டது என்பதை எழுதிவைத்து, தேவை தீர்ந்ததும் அதனை மூடி, பதிவேட்டை நாள்தோறும் நோக்கும் பொறுப்பான கிராணி ஒருவர் இங்கும் வேண்டும்.