அம்பின் கூர்மையும் இஷி என்னும் மனிதரும்

நாடாண்டவர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விரித்தெழுதிய வரலாற்றாசிரியர்கள், அப்போர்களில் பாய்ந்த அம்புகளின் முனையைச் செய்தவர் யார் என்று பெரும்பாலும் கேட்டதில்லை. கருவியை ஏந்தியவன் பெயர் நிற்கும். கருவியைச் செய்தவன் பெயர் மறையும். இவ்வழக்கத்திற்கு விலக்காக, அம்புமுனை செய்யும் கலையில் வல்லவரான ஒருவரைப் பற்றிய செய்திகள் நாளும் ஆண்டும் தவறாமல் குறிக்கப்பெற்று நமக்குக் கிடைத்துள்ளன. அவர் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த யாஹி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். மானை வில்லால் வேட்டையாடுவோர் அம்புமுனையின் கூர்மையைப் பற்றி அந்நாட்டில் இன்று பேசும் பேச்சில் ஒரு பெரும்பகுதி அவருடைய கைகளிலிருந்து தொடங்குகிறது.

நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் வேட்டைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். அதில் இளைஞர்களுக்கு ஆசையூட்டுவது என் நோக்கமன்று. தோலைப் பதப்படுத்துவதும், பறையை நெருப்பில் காய்ச்சி ஓசை கூட்டுவதும் நம் முன்னோர் வழிவழியாகக் கற்ற நுண்ணறிவு. ஊரார் அவற்றைத் தொழில் என்றார்களே அன்றி அறிவு என்று ஒருநாளும் எழுதியதில்லை. இதே நிலை உலகின் மறுகோடியில் வேறொரு மக்களுக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

முதற்கண், அம்பு எவ்வாறு கொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக் குண்டு பெருவேகத்தில் மோதி, பட்ட இடத்தைச் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைத்துவிடுகிறது. அம்புக்கு அவ்வேகம் இல்லை. அது பறந்து செல்லும் ஒரு கத்தி, அவ்வளவே. விலா எலும்புகளின் இடையே புகுந்து நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அது அறுக்குமானால், மான் இரத்தம் இழந்து விரைவில் நினைவற்று வீழும். முனை மழுங்கியதாயின் நிலைமை வேறு. இரத்தக் குழாய் இரப்பரைப் போல் நெகிழ்வுடையது. மழுங்கிய அலகு தொட்டால் அறுபடாமல் விலகிக்கொள்ளும். பிய்ந்து கிழிந்தாலும் அதன் வாய் சுருங்கி, இரத்தம் உறைந்து அடைபட்டுவிடும். கூரிய அலகால் நேராக அறுபட்ட குழாய் அவ்வளவு எளிதில் அடைபடாது. ஆகவே மழுங்கிய அம்பு பட்ட மான் புதரில் ஓடி மறைந்து, நெடுநேரம் வதைபட்டு மடியும், வேட்டைக்காரனுக்கும் கிடைக்காது. அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் தம் அம்புமுனையைச் சோதிக்க, இழுத்துப் பிடித்த இரப்பர் வளையத்தின்மீது அலகை மெல்ல இழைத்துப் பார்ப்பதுண்டு. வளையம் விலகினால் முனை வேட்டைக்கு ஆகாது. பட்டவுடன் அறுந்தால் ஆகும்.

இனி அம்மனிதரிடம் வருவோம். கலிபோர்னியாவின் வடபகுதியில் லாசன் என்னும் எரிமலையின் அடிவாரத்தில் மில் கிரீக், டீர் கிரீக் என்னும் இரு ஓடைகளின் பள்ளத்தாக்குகள் யாஹி மக்களின் தாயகம். 1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்தனர். மான்கள் விரட்டப்பட்டன, மீன் பிடித்த ஓடைகள் கலங்கின. பசி தாங்காமல் மாட்டைப் பிடித்துத் தின்ற பழங்குடியினரைக் குடியேறியவர்கள் ஆயுதம் தாங்கிய குழுக்களாகச் சென்று சுட்டுக் கொன்றனர். ஒரு குகையில் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ 30 பேர், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். எஞ்சிய சிலர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழ்ந்தனர். துப்பாக்கி ஒலி அவர்களைக் காட்டிக்கொடுக்கும், வில் காட்டிக்கொடுக்காது. ஆதலால் அம்பின் கூர்மையே அவர்களுக்குச் சோறு. 1908 இல் நில அளவையாளர்கள் அவர்களது குடிலைக் கண்டுபிடித்து, அங்கிருந்த வில், அம்பு, கூடை, தோலாடை அனைத்தையும் எடுத்துச் சென்றனர். நோயுற்றிருந்த ஒரு தாய் மட்டுமே அங்குக் கிடந்தாள். பின்னர் அவளும் இறந்தாள்.

1911 ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள், அத்தாயின் மகன் பசியால் மெலிந்த நிலையில் ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக் கொட்டிலருகே பிடிபட்டார். சிறையில் வைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் அவரைக் காட்டு மனிதன் என்று எழுதின. மானிடவியல் பேராசிரியர் வாட்டர்மேன், யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றை ஏந்திச் சிறைக்குச் சென்று ஒவ்வொரு சொல்லாக ஒலித்துக் காட்டினார். நெடுநேரம் பயனில்லை. பைன் மரத்தைக் குறிக்கும் சொல்லைக் கேட்டதும் கைதியின் முகம் மலர்ந்தது. பின்னர் அவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அழைத்துவரப்பட்டு, அங்கேயே தங்கித் துப்புரவுப் பணியில் அமர்த்தப்பட்டார். தம் பெயரைப் பிறர்முன் கூறுவது அவர் குல வழக்கமன்று. ஆகவே பேராசிரியர் கிரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயரிட்டார். யானா மொழியில் அதற்கு ‘மனிதன்’ என்பதே பொருள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அம்புமுனை செய்வதைக் காண மக்கள் திரண்டனர்.

இஷி முனை செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்வதால் உண்டாகும் கரிய கண்ணாடிக் கல்லே அவருக்கு உகந்த பொருள். அதனை மான்கொம்புத் துண்டு வைத்துத் தட்டிப் பிளப்பார். நல்ல சில்லு ஒன்றைத் தோல் போர்த்திய இடக்கையில் வைத்துக்கொண்டு, நுனியில் கொம்போ இரும்போ பொருத்திய குச்சியால் ஓரத்தை அழுத்துவார், தட்டுவதில்லை. ஒவ்வோர் அழுத்தத்திற்கும் மீன் செதில் போல் ஒரு துணுக்கு தெறிக்கும். இருபுறமும் மாற்றி மாற்றி அழுத்த, அரை மணி நேரத்தில் ஒரு முனை உருவாகிவிடும். கண்ணில் துணுக்கு பட்டால் கீழிமையை விரலால் இழுத்து, தலையைக் கவிழ்த்து, உச்சந்தலையில் ஓங்கி ஓர் அடி கொடுப்பது அவர் மருத்துவம். கல் கிடைக்காதபோது பீர்ப் புட்டியும் மருந்துப் புட்டியும் அவருக்குக் கல்லாயின. முனையை மானின் நரம்பால் அம்பில் இறுகக் கட்டுவார். இம்முனைகளை 1990களில் ஆராய்ந்த ஷாக்லி என்னும் அறிஞர், அவற்றின் வடிவம் யாஹி முனைகளைவிட அண்டைக் குலத்தாரின் முனைகளையே ஒத்துள்ளது என்றார். துரத்தப்பட்ட மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்திருக்கலாம் என்பது இதனால் விளங்கும். தூய கடைசி மனிதன் என்ற கதையைப் பத்திரிகைகளே விரும்பின.

அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். இஷியின் உடல்நலம் பேண வந்தவர், வில்வித்தையில் அவருக்கே மாணவரானார். வேட்டைக்குமுன் மீனும் புகையிலையும் விலக்கி, நீராடி, மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், 10 முதல் 50 கஜத்திற்குள் மானை நெருங்கிய பின்னரே எய்ய வேண்டும் என்பதும் ஆசிரியர் கற்பித்த பாடங்கள். கூர்மை எத்துணைச் சிறந்ததாயினும் தொலைவிலிருந்து எய்தால் பயனில்லை அன்றோ?

போப் பிற்காலத்தில் சோதனைகள் நடத்தினார். பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, மான்தோலால் மூடி, எஃகு முனை அம்பையும் கண்ணாடிக் கல் முனை அம்பையும் எய்து பார்த்தார். கல்முனையே ஆழமாகப் பாய்ந்தது. நாகரிகம் வளர்ந்த நாட்டின் எஃகு, காட்டு மனிதன் எனப்பட்டவரின் கல்லிடம் தோற்றது! இதற்குக் காரணம் உண்டு. உலோகத்தின் அலகை நுண்நோக்கியில் கண்டால் ரம்பம் போல் இருக்கும். எரிமலைக் கண்ணாடிக்கு மணிமணியான உட்கட்டமைப்பு இல்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் சில கூறுகளே அதன் விளிம்பின் தடிமன். 1970களில் டான் கிராப்ட்ரீ என்னும் அமெரிக்கக் கல்லாயுத வல்லுநர், தாம் செய்த கண்ணாடிக் கல் கத்தியாலேயே தமக்கு அறுவைச் சிகிச்சை செய்வித்துக்கொண்டார். குறையும் உண்டு: எலும்பில் பட்டால் கல்முனை நொறுங்கும், எஃகு நொறுங்காது. ஆகவே போப் தம் வேட்டைக்கு அகன்ற எஃகு முனைகளையே செய்துகொண்டார். ஆனால் கூர்மை குன்றாதிருக்க அம்பறாத்தூணியில் ஓர் அரத்தையும் எடுத்துச் செல்வார்.

1918 இல் போப் எழுதிய ஆய்வின் தலைப்பு ‘யாஹி வில்வித்தை’. அவர் தம் ஆசிரியரை மறைக்கவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 1923 இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற வேட்டை நூலின் முதல் இயல் இஷியைப் பற்றியதாக இருக்க, நூல் காணிக்கையாக்கப்பட்டதோ இங்கிலாந்தின் கதைத் தலைவன் ராபின் ஹூட்டுக்கு. அந்நூலைப் படித்தே அமெரிக்க இளைஞர் பலர் வில்லேந்தினர். 1934 இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லால் மான் வேட்டையாடத் தனிப்பருவம் வகுத்தது. 1956 இல் சவர அலகு போன்ற தகடு செருகிய முனையை ஃபிரெட் பேர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961 இல் வில்வேட்டைக்காரர்கள் அமைத்த சங்கத்திற்குப் போப்பின் பெயரும் அவர் தோழர் யங்கின் பெயரும் சூட்டப்பட்டன. பாடம் சொன்னவர் பெயர் அதில் இல்லை. மான் போன்ற பெருவிலங்குக்கு எய்யும் அகன்ற அம்புமுனை எட்டில் ஏழு அங்குல விட்டமுள்ள துளைக்குள் நுழையாத அகலம் உடையதாயிருக்க வேண்டும் என்பது இன்று கலிபோர்னியாவின் விதி. சட்டம் ஏதுமின்றி இஷி செய்த வேட்டை முனைகளும் ஏறத்தாழ அவ்வகலமே.

இஷி காசநோயுற்று 1916 மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் மறைந்தார். இறந்தவர் உடலை அறுப்பது அவர் குலத்தார்க்கு ஒவ்வாத செயல். வெளியூரிலிருந்த கிரோபர் அதைத் தடுக்கக் கடிதம் எழுதினார். கடிதம் சேர்வதற்குள் உடல் அறுக்கப்பட்டு மூளை எடுக்கப்பட்டிருந்தது. ஒரு வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக்குக்கொட்டை மாவு, சில கண்ணாடிக் கல் சில்லுகள் ஆகியவற்றோடு உடல் எரியூட்டப்பட்டது. கடிதம் எழுதிய அதே கிரோபர், 1917 இல் அம்மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பிவைத்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கே ஒரு கலத்தில் கிடந்தது. 1999 இல் உண்மை வெளிப்பட்டது. பழங்குடியினர் வற்புறுத்தவே, 2000 ஆம் ஆண்டில் யானா வழிவந்தோர் வாழும் ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் குலத்தாரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனைச் சாம்பலோடு சேர்த்து அவருடைய தாய்நிலத்தில் புதைத்தனர். எந்த இடம் என்பதை வெளியார் எவருக்கும் அறிவிக்கவில்லை.