கருவின் கதை – 7: மஞ்சள் புள்ளி

மன்னர் சார்லஸின் வேட்டைக் காடுகளில் மான் மானாக அறுத்துப் பார்த்தும், இணை சேர்ந்த பெண் மானின் கருப்பையில் வில்லியம் ஹார்விக்கு ஒன்றுமே அகப்படவில்லை என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். எல்லா உயிரும் முட்டையிலிருந்தே வருகின்றன என்று 1651-ல் நூல் எழுதியவர், ஒரு பாலூட்டியின் முட்டையைக் கண்ணால் காணாமலே 1657-ல் கண்ணை மூடினார்.

அடுத்து வந்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப். சினைப்பையில் திரவம் நிரம்பிய கொப்புளங்களைப் பார்த்தார். இவைதாம் முட்டை என்று 1672-ல் எழுதினார். அவரே முயலின் கருக்குழாயைத் திறந்தபோது, உள்ளே கிடந்த உருண்டைகள் கொப்புளத்தைவிட மிகமிகச் சிறியவையாக இருந்தன. பெரிய முட்டை வழியில் எப்படிச் சிறுத்தது? விடை தேட அவருக்கு ஆயுள் இல்லை. அடுத்த ஆண்டே, 32 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குழப்பம் இன்னும் நம் வாயில் இருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, “முட்டை 18 மில்லிமீட்டர் வளர்ந்திருக்காம்” என்று அம்மாவிடம் சொல்கிறாள். வளர்ந்தது கொப்புளம். முட்டை அதற்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில். கொப்புளம் வெடித்து வெளியே வந்ததும் கருக்குழாய் அதை வாங்கிக்கொள்கிறது. அங்கே விந்தணுவுக்காக அது காத்திருக்க முடிவது ஏறக்குறைய ஒரே ஒரு நாள்.

அந்தச் சிறு துகளைக் கண்டுபிடிக்க, கிராஃபுக்குப் பிறகும் 155 ஆண்டுகள் ஆயின.

1827. பிரஷ்யாவின் கொனிக்ஸ்பெர்க் நகரம். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயருக்கு வயது 35. நாய்களின் கருவைப் பின்னோக்கித் துரத்திக்கொண்டிருந்தார்: கருப்பையில் இருக்கும் கருவைப் பார்த்தாயிற்று. அதற்கும் முந்தைய நிலையைக் கருக்குழாயில் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது சினைப்பை மட்டுமே. அதற்கு அண்மையில் இணை சேர்ந்த நாய் ஒன்று வேண்டும். பேராசிரியர் புர்டாக்கின் வீட்டில் அப்படி ஒரு பெண் நாய் இருந்தது. வீட்டில் வளர்ந்த நாய். அதைக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையில் அந்த நாயை எண்ணாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

சினைப்பையை வெளியே எடுத்த பேயர், கொப்புளம் ஒன்றுக்குள் மஞ்சள் புள்ளி தெரிவதைக் கவனித்தார். பக்கத்துக் கொப்புளத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. எதிலும் ஒன்றுக்கு மேல் இல்லை. கத்தி நுனியால் ஒரு கொப்புளத்தைக் கீறி, புள்ளியைப் பதமாக ஏந்தி, நீர் ஊற்றிய சிறு கண்ணாடித் தட்டில் விட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். குனிந்தார். இடி விழுந்தவர் போலச் சட்டென்று பின்வாங்கினார். கருக்குழாயில் முன்பு பார்த்த அதே உருண்டை! மறுபடி கண்ணை வைக்கவே துணிச்சல் வரவில்லை. சற்று மூச்சு வாங்கித்தான் குனிந்தாராம். பார்த்தது பொய்யில்லை. மனிதர் உட்படப் பாலூட்டிகளின் முட்டை எங்கே பிறக்கிறது என்று அதே ஆண்டு உலகுக்கு அறிவித்தார்.

ஆனால் அதே பேயர், விந்தில் நெளியும் உயிர்களை என்னவென்று நினைத்தார் தெரியுமா? குடலில் புழு வாழ்வதுபோல விந்தில் ஒட்டிவாழும் ஒட்டுண்ணிகள் என்று! ‘ஸ்பெர்மட்டோசோவா’, அதாவது விந்து விலங்குகள், என்று பெயர் வைத்தவரும் அவரேதான். பாதி உண்மையைக் கையில் ஏந்தியவரின் கண்ணுக்கு மறுபாதி புழுவாகத் தெரிந்தது.

லேவன்ஹூக் விந்தணுவைப் பார்த்து அப்போதே 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது முட்டையும் கிடைத்துவிட்டது. இரண்டும் கலப்பதை மட்டும் ஒருவரும் தெளிவாகப் பார்த்ததில்லை. உடலுக்குள், இருண்ட குழாயில் நடப்பதை எப்படிப் பார்ப்பது? உடலுக்கு வெளியே கருவுறும் முட்டை வேண்டும். அதுவும் கண்ணாடிபோல் உள்ளே தெரிய வேண்டும்.

அப்படிப்பட்ட முட்டை கடலில் இருந்தது. 1875-ல் மத்தியதரைக் கடற்கரையில் ஓஸ்கார் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானிய இளைஞர், கடல் முள்ளெலியின் முட்டைகள் மிதந்த நீரில் விந்தைக் கலந்துவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முட்டைக்குள் ஒரே ஒரு உட்கரு. சில நிமிடங்கள் கழிந்தன. முட்டையின் ஓரத்தில் இரண்டாவதாக ஒன்று தெரிந்தது. அது மெல்ல நகரத் தொடங்கியது, முதலாவதை நோக்கி...

(தொடரும்)