ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் பிறந்த கதை

‘மூட்டு தேய்ந்துவிட்டது’ என்று டாக்டர் சொன்னதும் முழங்கால் மொத்தமும் போய்விட்டதாகவே நினைத்துக்கொள்கிறோம். பலருக்கு உட்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கும். வெளிப்பக்கக் குருத்தெலும்பு நன்றாகவே இருக்கும். கெட்ட பாதியை மட்டும் மாற்றும் முயற்சிகள் 1970களின் தொடக்கத்திலேயே நடந்தன. ஆனால் உருண்டையான உலோகம் தட்டையான பிளாஸ்டிக்கின் மேல் உருண்டது. தட்டின் மேல் கோலிக்குண்டு வைத்தாற்போல, எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கி பிளாஸ்டிக் தேய்ந்தது. உலோகத்தின் வளைவுக்கு ஏற்ப பிளாஸ்டிக்கைக் குழித்துப் பொருத்தினாலோ, கால் திரும்பும்போதெல்லாம் அது எலும்போடு இழுபட்டுக் கழன்றது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓ’கானரும். 1974இல் அவர்கள் வரைந்த மூட்டில், தொடை எலும்புக்கு உருண்டை உலோகம், கீழ்க்கால் எலும்புக்குத் தட்டை உலோகம். நடுவே மேல்புறம் குழிந்து, அடிப்புறம் தட்டையான பிளாஸ்டிக் வில்லை. அந்த வில்லை எதிலும் ஒட்டப்படவில்லை. கால் மடங்கும்போது பின்னே போகும், நீளும்போது முன்னே வரும். இயற்கையான முழங்காலில் இருக்கும் சவ்வும் இப்படித்தான் நகர்கிறது. அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். தொடும் பரப்பு பெரிதானதால் தேய்மானம் ஆண்டுக்குச் சுமார் 0.03 மி.மீ. என்ற அளவுக்குக் குறைந்தது.

முதலில் இதை இரண்டு பக்கமும் வைத்தார்கள். முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல். அறுந்திருந்த கால்களில் மூட்டு அதிகமாகத் தோற்றது. அது நன்றாக இருந்தவர்களுக்குத் தேய்மானம் பெரும்பாலும் உட்பக்கத்தோடு நின்றிருந்தது. 1982இல் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கத் தொடங்கினார்கள். எதிலும் ஒட்டாத வில்லையைப் பிடித்து நிறுத்துவது தசைநார்களின் இறுக்கம்தான். அதனால் கால் மடங்கிய நிலையிலும் நீட்டிய நிலையிலும் இடைவெளி ஒன்றாக இருந்தாக வேண்டும். மருத்துவர் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்து, தொடை எலும்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கடைவார். அதற்கான கருவி 1987இல் வந்தது.

1998இல் வந்த மூன்றாம் வடிவம்தான் சிறு கீறலுக்கு வழிசெய்தது. முட்டிச்சில்லைப் புரட்ட வேண்டாம், தொடைத் தசையை அறுக்க வேண்டாம். இப்படிச் செய்துகொண்டவர்கள் முழு மூட்டு மாற்று செய்துகொண்டவர்களைவிட மூன்று மடங்கு வேகமாகத் தேறியதாக 2001இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு எழுதியது. அங்கே பொருத்திய 1,000 மூட்டுகளில் 91 சதவீதம் 15 ஆண்டுகள் நீடித்தன.

கண்டுபிடித்தவர்களே தந்த கணக்கு என்ற சந்தேகம் நியாயமானது. 528 பேரை வைத்துப் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. ஐந்தாண்டு கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் பாதி மாற்றும் முழு மாற்றும் சமம். பாதி மாற்றுக்குச் செலவு குறைவு. இங்கிலாந்து, வேல்ஸ் தேசியப் பதிவேட்டை அலசிய 2014 ஆய்விலோ இரண்டு முகங்கள் தெரிந்தன. பாதி மாற்றில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் குறைவு. மறு அறுவை மட்டும் சுமார் இரு மடங்கு.

அந்த இரு மடங்குக்குப் பழியை மூட்டின் மேல் மட்டும் போடுவது சரியில்லை என்பேன். தாங்கள் மாற்றும் முழங்கால்களில் ஐந்தில் ஒன்றையாவது பாதி மாற்றாகச் செய்யும் மருத்துவர்களிடம் மறு அறுவை நன்றாகவே குறைகிறது என்று அதே பதிவேடு காட்டுகிறது. பாதி மாற்று செய்துகொள்ளப் போகிறவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கீறல் எத்தனை அங்குலம் என்பதை அல்ல. இதை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்பதை.