ஜூரியின் காதுக்கு எட்டாத சாட்சி

1952 ஆகஸ்ட் இறுதியில் எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் ஒரு ட்ரங்குப் பெட்டி நாற ஆரம்பித்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத உடல். தலை கிடைத்தது ராயபுரம் கடற்கரையில். கொலை நடந்த வீடும் ராயபுரத்தில், கல்லறைச் சாலையில்தான். பேனா வியாபாரி ஆளவந்தார் கொலை வழக்கு என்று தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கு இது.

உடலும் தலையும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் ஆளவந்தார்தான் என்று ஹைகோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது. விரல் ரேகையை ராணுவ ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். மண்டையோட்டைப் பற்றி சென்னை மருத்துவக் கல்லூரி நிபுணர் சாட்சி சொன்னார். நீதிபதி ஏ.எஸ்.பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில் ஜூரி எல்லாவற்றையும் கேட்டது. 1953இல் குற்றம் சாட்டப்பட்ட தம்பதியில் கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு சிறை.

எந்தச் சாட்சியம் ஜூரியின் காதுக்குப் போகலாம் என்று முடிவு செய்பவர் நீதிபதி. அவர் தவறாக ஒன்றை உள்ளே விட்டாலோ, விடவேண்டியதைத் தடுத்துவிட்டாலோ என்ன ஆகும்? ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்லாது. எந்தச் சாட்சியம் அவர்கள் மனதை மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872 சாட்சியச் சட்டம், தன் கடைசிப் பிரிவான 167இல் இதற்கு விடை வைத்தது. தவறாகச் சேர்த்த சாட்சியத்தை ஒதுக்கிவிட்டாலும் மிச்சம் இருப்பது போதுமா? தவறாகத் தடுத்ததைச் சேர்த்துக்கொண்டாலும் தீர்ப்பு மாறாதா? ஆம் என்றால், அந்தப் பிழைக்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்யவோ மறு விசாரணை நடத்தவோ வேண்டாம்.

சென்னையில் இந்தக் கணக்கு 1901இல் இடறியது. சுப்பிரமணிய ஐயர் என்பவர்மீது, இரண்டு ஆண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை ஒரே விசாரணையில் அடுக்கியிருந்தார்கள். சட்டம் அனுமதித்ததோ ஓராண்டுக்குள் நடந்த, ஒரே வகையான மூன்று குற்றங்களை மட்டும். சட்டத்துக்குப் பொருந்தாததைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துத் தண்டனையைக் காப்பாற்றப் பார்த்தது ஹைகோர்ட். லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணையே சட்டவிரோதம் என்றான பிறகு மிச்சம் போதுமா என்று கேட்பதே வீண் என்றார் ஹால்ஸ்பரி பிரபு. அந்தக் கண்டிப்பு நியாயமானது. இத்தனை குற்றச்சாட்டுகளையும் கேட்டுவிட்ட ஜூரி அவற்றை மறந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்குமா?

ஹைகோர்ட்டில் ஜூரி விசாரித்த வழக்குகளுக்கு முறையான மேல்முறையீடு 1943இல்தான் வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947இல் வெளியே வந்தது அந்த வழியில்தான்.

1946இல் அப்துல் ரகீம் வழக்கில் பிரிவி கவுன்சில் வேறொன்று சொன்னது. ஜூரி வழக்கிலும் பிரிவு 167 செல்லும், மிச்சச் சாட்சியத்தை மேல்முறையீட்டு நீதிமன்றமே எடைபோடலாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்தது புலுக்குரி கோட்டையா வழக்கு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் பக்கத்துக் கொலை வழக்கு அது. ஈட்டியால் குத்தினேன், அதை ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற பாணியில் போலீசிடம் சொன்ன வாக்குமூலங்கள் முழுசாகச் சாட்சியத்தில் ஏறியிருந்தன. ஒளித்து வைத்தது வரைதான் செல்லும், குத்தியது செல்லாது என்றது பிரிவி கவுன்சில். செல்லாததை நீக்கிவிட்டு மிச்சம் போதுமா என்று பார்க்கும் வேலை சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி வந்தது.

இவை இரண்டும் கூடுதலாகச் சேர்ந்ததைக் கழிக்கிற வழக்குகள். கழிப்பது ஓரளவு சாத்தியம். சாட்சியம் முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது. தடுக்கப்பட்ட சாட்சியம் அப்படியல்ல. அந்த ஆள் கூண்டில் ஏறவே இல்லை, அல்லது கேள்விக்குப் பதில் சொல்ல விடப்படவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார், குறுக்கு விசாரணையில் தாங்கியிருப்பாரா என்பதை மேல் நீதிமன்றம் கற்பனைதான் செய்ய வேண்டும். பிரிவு 167 இந்த இரண்டு பிழைகளையும் ஒரே தராசில் நிறுத்தியது அதன் பெரிய குறை.

வழக்கைத் திருப்பி அனுப்பிச் சாட்சியை மறுபடி கூப்பிடலாம் என்றால், ராயபுரம் போன்ற துறைமுகப் பகுதியில் அது லேசல்ல. சாட்சி கப்பல் வேலைக்குப் போயிருக்கலாம். எண்ணூரில் ஒப்பந்த வேலை முடிந்து ஊர் திரும்பிய வெளிமாநிலத் தொழிலாளியாக இருக்கலாம். அதுவரை ஒருவர் புழல் சிறையில் காத்திருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் இதை 2001இல் பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் நேராகத் தொட்டது. ஆட்சேபம் எழுந்தால் அதைக் குறித்துக்கொண்டு, சாட்சியத்தைத் தற்காலிகமாகப் பதிவு செய்து, இறுதித் தீர்ப்பில் முடிவு சொல்லுங்கள் என்றார் நீதிபதி கே.டி.தாமஸ். தடுத்தது தவறு என்று பின்னால் தெரிந்தாலும், சாட்சியம் கோப்பில் இருப்பதால் மேல் நீதிமன்றமே தீர்த்துவிடலாம். ஆனால் சம்பந்தமில்லாத கேள்விகளும் இதே வழியில் நுழைந்தன. அதனால் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஓரளவு பின்வாங்கி, சாட்சியிடம் கேட்கும் கேள்வி குறித்த ஆட்சேபத்தை அப்போதே, முடியாவிட்டால் அந்தச் சாட்சியின் விசாரணை முடியும்போது, தீர்க்கச் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் பழைய 167, பாரதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 169 ஆகிவிட்டது. ஜூரி போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எது தடுக்கப்பட்டது என்பதே பதிவில் இல்லையென்றால் இந்தப் பிரிவுகளை வைத்து வாதாட ஒன்றும் இருக்காது. அதனால்தான் நீதிபதி மறுத்த கேள்வியை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளும்படி வக்கீல் எழுந்து கேட்கிறார்.