நீலகிரியில் முதிய நாய் பராமரிப்புச் செலவு

முதிய நாய் பராமரிப்புச் செலவு என்பது, முதுமை எய்திய வளர்ப்பு நாயின் உணவு, மருத்துவம், உறைவிடம், பயணம், இறுதிக்காலக் கவனிப்பு ஆகியவற்றுக்காக ஒரு குடும்பம் ஒதுக்க வேண்டிய தொகையைக் குறிக்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டச் சூழலில் இச்செலவின் தன்மையையும், அதனைக் குடும்ப வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கும் முறையையும் விளக்குகின்றது.

பின்னணி

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. திசம்பர், சனவரி மாதங்களில் உதகைப் பகுதியில் உறைபனி விழுகின்றது. மூட்டழற்சி உள்ள முதிய நாய்களுக்கு இக்குளிர் மிகுந்த துன்பம் தருவதாகும்.

மாவட்டத்தின் பல குடும்பங்களின் வருவாய் தேயிலையைச் சார்ந்தது. பனியாலும் வறட்சியாலும் சனவரி முதல் மார்ச்சு வரை பசுந்தேயிலை விளைச்சல் குறைகின்றது. சிறு விவசாயிகளின் வருவாய் பசுந்தேயிலையின் மாத விலையைப் பொறுத்து ஏறி இறங்குகின்றது. ஆகவே வரவு சுருங்கும் பருவமும், முதிய நாய்க்கு மருந்து மிகுதியாகத் தேவைப்படும் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. முன்கூட்டியே திட்டமிட வேண்டியதன் தேவை இதனால் எழுகின்றது.

முதுமையைக் கணித்தல்

நாயின் ஓர் ஆண்டு மனிதரின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்னும் பரவலான கருத்து சரியானதன்று. 2020 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, லாப்ரடார் நாய்களின் மரபணு வேதி மாற்றங்களைக் கொண்டு வேறொரு சமன்பாட்டை முன்வைத்தது. அதன்படி நாயின் வயதின் இயல் மடக்கையை 16 ஆல் பெருக்கி, 31 ஐக் கூட்டினால் ஒப்பான மனித வயது கிடைக்கும். இக்கணக்கில் 4 வயது நாய் ஏறத்தாழ 53 வயது மனிதருக்கும், 10 வயது நாய் ஏறத்தாழ 68 வயது மனிதருக்கும் ஒப்பாகும். இது ஓர் இனத்தைக் கொண்டு பெறப்பட்டது என்பதால் மற்ற இனங்களுக்குத் தோராயமாகவே பொருந்தும்.

பொதுவாகப் பேரின நாய்கள் 6 அல்லது 7 வயதிலும், சிற்றின நாய்கள் 10 வயதுக்குப் பின்னரும் முதுமை எய்துகின்றன. எதிர்பார்க்கப்படும் வாழ்நாளின் இறுதிக் கால் பகுதியை முதுமை எனக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

செலவு வகைகள்

உணவு

நாயின் அடிப்படை ஆற்றல் தேவையைக் கணிக்க, எடையைக் (கிலோகிராமில்) 0.75 என்னும் அடுக்குக்கு உயர்த்தி 70 ஆல் பெருக்க வேண்டும். சாதாரணக் கணிப்பானில், எடையை மும்முறை பெருக்கி, வரும் தொகைக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டால் இந்த அடுக்கு மதிப்புக் கிடைக்கும். 20 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு இது ஏறத்தாழ 660 கிலோகலோரி ஆகும். ஓய்வாக வாழும் முதிய நாய்க்கு இதனை 1.4 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 925 கிலோகலோரி வரும். 500 கிராம் சோறும் 150 கிராம் எலும்பில்லாத வெந்த கோழியிறைச்சியும் ஏறக்குறைய இந்த ஆற்றலைத் தரும். எனினும் வீட்டு உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவாக இருக்கும் என்பதால் மருத்துவரின் அறிவுரை தேவை.

அளவுக்கு மேல் உணவளிப்பது இருமடங்கு இழப்பாகும். 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2002 இல் வெளியான நீண்டகால ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை வாழ்நாள் 1.8 ஆண்டுகள் கூடுதலாக இருந்தது. அவற்றுக்கு மூட்டழற்சியும் காலந்தாழ்ந்தே தோன்றியது.

மீந்த சாம்பாரைச் சோற்றில் கலந்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சாம்பாரிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. உதகையில் வீடுகளிலும் கடைகளிலும் பரவலாகக் கிடைக்கும் சாக்லேட்டும் நாய்களுக்கு நஞ்சாகும்.

மருத்துவம்

மூட்டழற்சி, பல் ஈறு நோய், நாட்பட்ட சிறுநீரக நோய், இதய வால்வு நோய், கண்புரை, புற்றுநோய், முதுமை மறதி ஆகியன முதிய நாய்களில் காணப்படும் முதன்மையான நோய்கள் ஆகும். கருப்பை அகற்றப்படாத பெண் நாய்களுக்கு முதுமையில் கருப்பையில் சீழ் கோத்து, உடனடி அறுவை தேவைப்படலாம். இளவயதில் செய்யப்படும் கருத்தடை அறுவை இப்பெருஞ்செலவைத் தவிர்க்கின்றது.

வலி நீக்க மருந்தில் சிக்கனம் தீங்காக முடியலாம். வீட்டிலிருக்கும் இபுபுரோபன், டைக்ளோபினாக், பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தால் நாயின் வயிறு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியன பாதிக்கப்படும். அதனால் வரும் செலவு, சேமித்த தொகையைப் போலப் பன்மடங்காகும். டைக்ளோபினாக் செலுத்தப்பட்ட கால்நடைகளின் சடலங்களை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்ததால், கால்நடைகளுக்கான அம்மருந்து இந்தியாவில் 2006 இல் தடை செய்யப்பட்டது. இக்கழுகுகள் எஞ்சியுள்ள இடங்களுள் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கும் ஒன்றாகும். கழுகுகளுக்குப் பாதுகாப்பானது எனக் கண்டறியப்பட்ட மெலாக்சிகாம், மருத்துவர் குறிக்கும் அளவில் நாய்களுக்கும் பயன்படுகின்றது.

வெறிநோய்த் தடுப்பூசி

நாய் வயதாகிவிட்டது என்று தடுப்பூசியை நிறுத்துவது தவறு. வலியாலும், பார்வை, செவித்திறன் குறைவாலும் முதிய நாய் திடுக்கிட்டுத் தன் வீட்டாரையே கடிக்க நேரலாம். 1902 இல் லில்லி பேக்கன்காம் வால்சு என்னும் பெண் வெறிநாய்க் கடியால் இறந்தார். அக்காலத்தில் தென்னிந்தியாவில் இதற்குச் சிகிச்சை வசதி இல்லை. இந்நிகழ்வைத் தொடர்ந்து 1907 இல் குன்னூரில் தென்னிந்திய பாசுச்சர் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது இந்திய பாசுச்சர் நிறுவனம் என வழங்குகின்றது.

உறைவிடம்

நீலகிரியின் குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிறுத்தைகள் நாய்களைத் தேடி வருவதுண்டு. செவித்திறன் இழந்த நாய் ஆபத்தை உணராது. மூட்டு வலியுள்ள நாயால் ஓடித் தப்பவும் இயலாது. ஆகவே இரவில் வெளியே கட்டி வைக்காமல், வீட்டினுள் இடம் ஒதுக்குவதே சிறந்தது. தரையிலிருந்து உயர்த்திய பலகை, பழைய கம்பளி, வழுக்காத சாக்கு விரிப்பு ஆகியன குறைந்த செலவில் குளிரையும் வழுக்கலையும் தடுக்கின்றன.

பயணம்

தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் அடிப்படைச் சிகிச்சை பெறலாம். சிறப்புச் சோதனைகளுக்கு உதகையிலிருந்து 85 கிலோமீட்டர் அளவிலுள்ள கோயம்புத்தூருக்குச் செல்ல நேரிடலாம். கூடலூர், பந்தலூர் பகுதியினர் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் பூக்கோட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நாடலாம். நடக்க இயலாத நாய்க்குத் தனி வாகனம் தேவைப்படுவதால், சில வேளைகளில் பயணச் செலவு மருத்துவக் கட்டணத்தையும் மிஞ்சும்.

வரவு செலவுத் திட்டம்

ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் ஒதுக்குவதே அடிப்படை முறையாகும். கீழுள்ள தொகைகள் கணக்கிடும் முறையை விளக்கும் எடுத்துக்காட்டே; விலைப்பட்டியல் அன்று.

* உணவு: மாதம் 2,400 ரூபாய்
* தொடர் மருந்து: மாதம் 900 ரூபாய்
* உடல் ஆய்வு (ஆண்டுக்கு 3,000): மாதம் 250 ரூபாய்
* தடுப்பூசி, குடற்புழு, உண்ணி நீக்கம் (ஆண்டுக்கு 2,400): மாதம் 200 ரூபாய்
* பயணம் (ஆண்டுக்கு 3,000): மாதம் 250 ரூபாய்
* எதிர்பாராச் செலவு நிதி: மாதம் 500 ரூபாய்
* மொத்தம்: மாதம் 4,500 ரூபாய்

இதில் ஒவ்வொரு மாதமும் கண்ணுக்குத் தெரிவது உணவும் மருந்தும் சேர்ந்த 3,300 ரூபாய் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத 1,200 ரூபாய், ஓராண்டில் 14,400 ரூபாய் ஆகின்றது. பெரும்பாலும் கடன் வாங்க நேர்வது இப்பகுதிக்காகவே. தேயிலை வருவாயைச் சார்ந்த குடும்பங்கள், விளைச்சல் மிகுந்த மாதங்களில் இதனை இருமடங்காக ஒதுக்கி, குளிர்கால மாதங்களில் நிறுத்தி வைக்கலாம்.

செல்லப்பிராணிக் காப்பீடு இந்தியாவில் உண்டு. ஆயினும் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாகச் சேரும் வயதுக்கு உச்ச வரம்பு வைப்பதால், முதுமை எய்திய பின்னர் புதிதாகச் சேர்வது கடினம்.

நிதி குறையும்போது முன்னுரிமை

அனைத்துச் செலவுகளையும் ஏற்க இயலாத நிலையில் பின்வரும் வரிசை பொருத்தமானது:

# தூய நீர், அளவான உணவு, வெதுவெதுப்பான இடம்
# வலி நீக்கம்
# வெறிநோய்த் தடுப்பூசி
# சிகிச்சை முடிவை மாற்றக்கூடிய சோதனைகள்
# சத்து மாத்திரைகளும் பிறவும்

முடிவு எவ்வாறாயினும் சிகிச்சை மாறாது எனில், அச்சோதனையைத் தவிர்க்கலாம். "இச்சோதனையின் முடிவால் எது மாறும்?" என மருத்துவரிடம் கேட்பது உரிமையாளரின் உரிமையாகும். செலவு வரம்பை முதலிலேயே மருத்துவரிடம் கூறிவிட்டால், அதற்கேற்ற சிகிச்சையை அவர் தேர்ந்தெடுக்க இயலும்.

கைவிடுதலும் சட்டமும்

செலவுக்கு அஞ்சியோ, வீடு மாறும்போதோ முதிய நாய்கள் கைவிடப்படுவதுண்டு. தோட்டக் குடியிருப்புகள் வேலையுடன் பிணைந்தவை என்பதால், ஓய்வு பெற்று வெளியேறும் குடும்பங்களுக்கு இச்சிக்கல் கூடுதலாகும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் சூழலில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960 ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். முதல் குற்றத்திற்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. இது ஒரு வேளை சிகிச்சைச் செலவினும் குறைவு என்பதால், சட்டத்தைவிடக் குடும்பத்தின் முன் திட்டமே நாய்க்கு உண்மையான பாதுகாப்பாக அமைகின்றது. வீடு மாறுவது உறுதியானதும், உறவினர் அல்லது அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்து, உணவுச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இறுதிக்காலம்

குணமாக்க இயலாத துன்பத்தில் உள்ள நாய்க்கு, கால்நடை மருத்துவர் மூலம் வலியற்ற மரணம் அளிப்பது ஒரு வழியாகும். இம்முடிவுக்கு உதவ, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிசு வில்லலோபோசு 2004 இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களினும் நல்ல நாட்கள் மிகுதியாக இருத்தல் ஆகிய ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35 ஐ விட மிகுந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என அது கருதுகின்றது. வாரந்தோறும் குறித்து வைத்தால், பணத்தை மட்டுமோ பாசத்தை மட்டுமோ கொண்டு முடிவெடுக்கும் நிலை தவிர்க்கப்படும்.

மருந்து செலுத்தி இறந்த நாயின் உடலைக் காட்டோரம் வீசுதல் கூடாது. அம்மருந்து உடலில் எஞ்சி, அதனை உண்ணும் கழுகு, பன்றி, பிற விலங்குகளைக் கொல்லக்கூடும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். குழி தோண்டும் கூலியும் திட்டத்தில் இடம்பெற வேண்டிய ஒரு செலவே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* நாய்
* வெறிநாய்க்கடி நோய்
* நீலகிரி மாவட்டம்
* பிணந்தின்னிக் கழுகு
* குடும்ப வரவு செலவுத் திட்டம்