குத்தக் கூடாத இடமும் நேரமும்: மன்னார்க் கரையில் அக்குபங்சர் வைத்தியரின் தகுதி

அக்குபங்சர் வைத்தியர் ஒருவரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? உடலின் புள்ளிகளை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார் என்பதைக் கொண்டே பலரும் அளக்கிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று நாட்பட்ட இடுப்புவலி உடைய 1162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஆறு மாதங்களின் பின், மரபுவழிப் புள்ளிகளில் ஊசியேற்றப்பட்டவர்களில் 47.6 வீதத்தினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 வீதத்தினரும் தேறியிருந்தனர். மாத்திரையும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் தேறியோர் 27.4 வீதமே. 2018இல் 20,827 நோயாளரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் அது சிறிது என்றது. ஆகவே நாட்பட்ட வலிக்கு இச்சிகிச்சை பயன்படலாம் என ஏற்கலாம். புள்ளி அறிவை மட்டுமே தகுதியாகக் கொள்ள இந்த எண்கள் இடந்தரவில்லை. எந்த நோயாளிக்கு ஊசி ஏற்றக்கூடாது என்று அறிவதே முதல் தகுதி.

இது மன்னாரில் ஏட்டளவு வாதமன்று. ஒரு காலத்தில் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் மூச்சடக்கி முத்துக் குளித்தார்கள். இன்று இக்கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுவோர் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலேறினால், இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன் குமிழிகளாகிறது. பெரும்பாலும் முதலில் தோளோ முழங்காலோ வலிக்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கட்டும், நடை போய்விடும். அதற்குரிய சிகிச்சை உடனடி ஒட்சிசனும் அழுத்த அறையும். மூட்டுவலி என்று எண்ணி ஊசிக்குப் போகிறவருக்கு வலி சற்றுத் தணியலாம். அந்தத் தணிவே ஆபத்து: மீட்கக்கூடிய மணித்தியாலங்கள் அதில் கழிந்துவிடும். 'கடைசியாக எப்போது கடலில் இறங்கினாய், எவ்வளவு ஆழம்?' என்று கேட்கத் தெரியாதவர், புள்ளிகள் அத்தனையையும் மனனம் செய்திருந்தாலும் இக்கரைக்குத் தகுதியற்றவர் என்றே சொல்வேன்.

மற்ற நோயாளருக்கும் ஆபத்து உண்டு. நெஞ்சில் ஆழமாகக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைத்துவிடலாம். ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்கும் பயன்படுத்தினால் ஈரலழற்சி தொற்றலாம். குருதி உறையாதிருக்க மருந்து எடுப்பவரிடம் தனி அவதானம் வேண்டும். 1999இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவரல்லாதோருக்கு 2500 மணித்தியாலப் பயிற்சியை விதந்துரைத்தது. வேறு சிகிச்சை முறைகளோடு ஊசியையும் சேர்த்துப் பயன்படுத்த விரும்பும் மருத்துவர்களுக்கு அது கேட்டது குறைந்தது 200 மணித்தியாலங்கள். உடற்கூறும் நோயறிதலும் ஏற்கெனவே கற்றவருக்கு இத்தனை சலுகை ஏன் என்று எண்ணிப் பார்த்தால் என் வாதம் விளங்கும்.

இலங்கையில் இச்சிகிச்சையைப் பரவலாக்கியவர் களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் பணியாற்றிய அன்ரன் ஜயசூரிய. அரச வைத்தியசாலைக்குள் இதற்கு இடம் தேடித் தந்தது பெரும் பணி. வெளிநாட்டவரும் அவரிடம் பயில வந்தார்கள். ஆயினும் மாற்று மருத்துவத்தின் பெயரால் உலகெங்கும் பரவிய பட்டங்களும் சான்றிதழ்களும் ஒரே தரத்தன அல்ல. சுவரில் தொங்கும் பத்திரத்தை வைத்து நோயாளி எதையும் தீர்மானிக்க இயலாது.

சட்டம் வழி காட்டுகிறதா? 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஆசிய நாடுகளுக்குரியனவாய் அந்தந்த அரசுகள் அங்கீகரித்த மருத்துவ முறைகளையும் ஆயுர்வேதம் என்ற வரையறைக்குள் அடக்குகிறது. சீன அரசு அக்குபங்சரை அங்கீகரித்திருப்பதால், இவ்வரையறைக்குள் அதையும் வைத்து வாசிக்க இடமுண்டு. அவ்வாறெனில் மருத்துவப் பட்டதாரியின் பதிவை இலங்கை மருத்துவ சபையிடமும், சித்த, ஆயுர்வேத வைத்தியரின் பதிவை ஆயுர்வேத மருத்துவ சபையிடமும் கேட்டறிவது நோயாளியின் முதல் வேலை. இரண்டிலும் பெயரில்லாதவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டியதில்லை. பதிவு இருந்தாலும் ஊசிப் பயிற்சியை எங்கே, எத்தனை மணித்தியாலம், யாருடைய மேற்பார்வையில் பெற்றார் என்று கேட்கவேண்டும். ஊசியின் உறையை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்லவும் வேண்டும். நல்ல வைத்தியர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இந்தச் சுமை முழுவதையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. வட மாகாணத்தின் சுதேச மருத்துவத் திணைக்களம் ஊசிப் பயிற்சி பெற்ற பதிவு வைத்தியர்களின் பட்டியலைத் தமிழில் தயாரித்து, மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களிலும் ஒட்டலாம். அதே தாளில், சுழியோடிகள் எந்த அறிகுறி கண்டால் ஊசியை விட்டு நேரே மன்னார் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதையும் அச்சிடவேண்டும்.